மூக்கடைப்பு

ஊசி உள்ளே போனது. அசைவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். ஒரு சின்ன முனகல் கேட்டது, அதோடு மூச்சு அடங்கிப்போனது.

நெற்றி வியர்வையை டவலால் ஒற்றிக்கொண்டு அவன் கடிகாரத்தைப் பார்த்தான். சாயங்காலம் மனைவி ஊரிலிருந்து வந்துவிடுவாள். அதற்குள் தடயம் ஏதும் மிஞ்சக் கூடாது.

சமையலறை மேடையில் விறைத்து நின்றது அந்த எஸ்பிரெஸோ மெஷின். பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில் மனைவி தன் காசில் வாங்கியது. புருஷன் சட்டையில் பொத்தான் போனால் கவனிக்க மாட்டாள், மெஷின் மேல் ஒரு விரல் ரேகை விழுந்தால் கண்டுபிடித்துவிடுவாள். பார்க்கிற வேலை அப்படி. ஆடிட்டர்.

மெஷின் கெட்டதைக்கூடச் சமாளித்துவிடலாம். எப்படிக் கெட்டது என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது?

போன முறை பால்கனிப் பூந்தொட்டியை உடைத்துவிட்டு, பழியைக் காற்றின் மேல் போட்டான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"இனிமே இந்த வீட்டுல பொய் கிடையாது. உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. இன்னொரு பொய் வந்துச்சுன்னா, போனவ திரும்பி வர மாட்டேன்."

வாசல் மணி அடித்தது. மெஷின் விற்ற கடையிலிருந்து அனுப்பிய மெக்கானிக். செருப்பைக் கழற்றிவிட்டு, நடையில் சாத்தியிருந்த கதவுகளையெல்லாம் தாண்டி நேராகச் சமையலறைக்குள் போய்ப் பையை இறக்கினார்.

"என்ன சார் தொந்தரவு?"

"ஆவி வரலைங்க. பால் நுரைக்கிற குழாய் அடைச்சுக்கிச்சு."

"உள்ள என்ன போச்சு?"

"பால்தான். வேற என்ன போகும்?"

மெக்கானிக் குழாயின் நுனி மூடியைத் திருகிக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். "எந்த மாட்டுப் பால்ல சார் தைல வாசனை வருது?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். இனி மறைத்துப் பயனில்லை.

"நான் டப்பிங் பேசறவன். நாளைக்கு ஹீரோ அழற சீன். ஜலதோஷத்துல 'அம்மா'ன்னா 'அப்பா'ன்னு வருது. அதான், ஆவி பிடிக்கலாம்னு..."

"இதுலயா?"

"அடுப்பப் பத்தவச்சு, தண்ணி கொதிக்கிற வரைக்கும் யாரு நிக்கறது? இது சுவிட்சத் தட்டினா சீறுதே. கிண்ணத்துல தண்ணி ஊத்தி, தைலத்த ரெண்டு விரலால அள்ளிப் போட்டு, குழாய உள்ள விட்டு, தலைல டவலப் போத்திக்கிட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "சுகமாத்தான் இருந்துச்சு. என் மூக்கு திறந்துக்கிச்சு, இதோட மூக்கு அடைச்சுக்கிச்சு."

மெக்கானிக் சிரிப்பை மீசைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

"ஆவிய நிறுத்தினா குழாய் கிண்ணத்துல இருக்கறத உள்ள உறிஞ்சிக்கும் சார். தைலத்துல மெழுகு இருக்கு. உள்ள போய் ஆறி, கல்லு மாதிரி உக்காந்துக்கும். நீங்க ஊசிய வச்சுக் குத்தி, அத இன்னும் உள்ள தள்ளி விருந்தாளியாவே ஆக்கிட்டீங்க."

கொதிக்கும் நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து நுனி மூடியை ஊறப் போட்டார். அதே நீரைக் குழாய்க்குள்ளும் விட்டு, பைப் துடைப்பான் போன்ற ஒல்லியான பிரஷை நுழைத்து இழுத்தார். பிறகு குழாயின் வாயில் ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குமிழைத் திறந்தார்.

மெஷின் ஒரு தடவை இருமியது. ஒரு தடவை தும்மியது. துணியில் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று வந்து விழுந்தது. அடுத்த நொடி, அடைத்துக் கிடந்த ஆவியெல்லாம் சீறிக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலை மூடுபனி போல் மறைத்தது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெந்நீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலசி, பாலை நுரைத்துக் கொட்டி, மறுபடி நுரைத்து, ஒரு வாய் குடித்துப் பார்த்தார் மெக்கானிக். "தேறிடுச்சு சார். இனி காபி போட்டுக் குடிக்கலாம், மார்ல தடவ வேண்டியதில்ல."

அவன் கைகூப்பாத குறை. "அண்ணே, ஒரே ஒரு உதவி. என் வீட்டம்மாவுக்கு இது தெரியவே கூடாது. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா வீடு காலி, உண்மையச் சொன்னா மானம் காலி."

"வீட்டுக்குள்ள பார்த்தது வாசப்படி தாண்டாது சார். என் பொண்டாட்டி வந்து கேட்டாக்கூட வாயத் திறக்க மாட்டேன்."

அவர் பையை மூடவும் வாசலில் சாவி திரும்பவும் சரியாக இருந்தது. ரயில் சீக்கிரமே வந்து தொலைத்திருக்கிறது.

தைல வாசனை கமழும் டவலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அவன் திண்டாட, மனைவி பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், ஈரத்துணி, ஜன்னலில் வழியும் நீர், எல்லாவற்றையும் அவள் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றின.

ஆடிட்டரிடம் தப்ப முடியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. முகம் வெளுத்துப்போய், மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி கையிலிருந்து நழுவியது.

"அண்ணே, நான் இதுல ஆவி பிடிச்சத இவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே."