அந்தப் புருஷன் நல்லவன்

இந்த மாத வாசகர் வட்டம் யார்க்‌ஷயரில் ஹில்டாவின் வீட்டில். டோரீனும் ஜாய்ஸும் எலுமிச்சைக் கேக்கைத் தின்றபடி நாவலைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது கலைவார்கள் என்றிருந்தது ஹில்டாவுக்கு.

"அந்தப் புருஷன் சரியான ராட்சசன்!" என்றாள் டோரீன்.

"ஏன்டி திட்டுற? மறதிக்காரப் பொண்டாட்டிய எவ்வளவு பொறுமையாப் பாத்துக்கிறான், பாவம்!" என்றாள் ஹில்டா.

இருவரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"அவளுக்கு ஏதுடி மறதி? சாவி, மாத்திரை எல்லாத்தையும் அவனே ஒளிச்சு வச்சுட்டு, 'உனக்குத்தான் ஞாபகம் இல்ல'ன்னு அவளையே நம்ப வைக்கிறான்ல?" என்றாள் டோரீன்.

"அப்படி ஒண்ணும் வரலையே."

"பாதிப் புத்தகமே அதான்!" ஜாய்ஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சரி விடு. இப்பல்லாம் நீ ரொம்ப மறக்குறேன்னு உன் வீட்டுக்காரர்கூடச் சொன்னாரு."

ஹில்டா சோர்ந்துபோனாள். உண்மைதான். போன வாரம் அடுப்பை அணைக்காமலே தூங்கிவிட்டாளாம். கணவர் கிளைவ்தான் சொன்னார்.

"உண்மையச் சொல்லு, முழுசாப் படிச்சியா?" டோரீன் விடவில்லை.

"என் கண்ணாடியத்தான் எங்கேயோ தொலைச்சுட்டேனே. கிளைவ்தான் தினமும் பக்கத்துல உக்காந்து முழுசா வாசிச்சுக் காட்டினாரு."

டோரீன் கேக்கைக் கீழே வைத்தாள். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜாய்ஸின் கை அப்படியே நின்றது.

சமையலறையிலிருந்து கிளைவின் குரல் வந்தது. "டீ ரெடி, செல்லம்! நீ எழுந்திருக்காத, நானே கொண்டுவர்றேன்."

ஹில்டா குரலைத் தாழ்த்தினாள்.

"டோரீன், அவர் வர்றதுக்குள்ள, அவன் ஒளிச்சு வைக்கிற பக்கத்த எனக்கு வாசிச்சுக் காட்டு."