ஆள் ஏறினால் வரும் சத்தம்

கடக்.

மறுபடியும் கடக்.

அவன் பிரேக்கைப் பிடித்தான். வண்டி நின்றது. சத்தமும் நின்றது. நிற்கிற வண்டியில் என்னத்தைத் தேடுவது?

பின்னால் இருந்த கஸ்மீர் இறங்கிக்கொண்டான். அவன் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை. கஸ்மீர் ஏறினான்.

கடக்.

"என்னைக் கண்டாத்தான் கனைக்குது. மாமியார் வூட்டு வண்டியாடா இது?"

அவன் சிரிக்கவில்லை.

இன்றைக்குக் காணும் பொங்கல். வெயில் ஏறுவதற்குள் கரை நிறைந்துவிடும். மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். அந்தக் கரைக்கு உயிர்காக்கும் ஆட்கள் இவர்கள் இரண்டே பேர். பருத்த டயர்கள் போட்ட இந்த நாலு சக்கர மணல் வண்டி ஒன்றுதான். சத்தத்தோடு அதைக் கூட்டத்துக்குள் இறக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் நேற்றே சொல்லிவிட்டார்.

நியாயமான பேச்சுதான்.

ஆனால் போன காணும் பொங்கலுக்கு வண்டி கிடையாது. முகத்துவாரம் வரை ஓடித்தான் போனார்கள். மணல் காலைப் பிடித்துப் பிடித்து விட்டது.

போய்ச் சேர்ந்தபோது, அலையில் போன பெண்ணின் செருப்பை யாரோ கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தத்தைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எஞ்சினா, சக்கரமா என்று பிரிக்க வேண்டும்.

படகு இறக்கும் சிமெண்ட் சரிவின் உச்சியில் எஞ்சினை அணைத்தான். நியூட்ரலுக்குத் தள்ளினான். இருவரும் உட்கார்ந்தபடியே உருண்டு இறங்கினார்கள்.

கடக். கடக்.

எஞ்சின் இல்லை. அது ஓடாமலே சத்தம் வருகிறது.

அப்படியானால் சக்கரம். வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றினான். பின் சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. பிடித்து ஆட்டினான், ஆட்டம் இல்லை. கையால் சுழற்றினான். பேரிங் வெண்ணெய்போல் சுற்றியது. ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிப் பார்த்தான். பெட்டியிலிருந்த மிதவை, கயிறு, முதலுதவிப் பை, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தான். இருக்கையைக்கூடக் கழற்றி மாட்டினான்.

கடைசியாகச் சங்கிலி. விரலால் அழுத்தினான். கொஞ்சம் தொய்வு.

இறுக்கினான்.

நேற்றும் இறுக்கியிருந்தான். முந்தாநாளும். உப்புக் காற்றில் நிற்கிற வண்டி என்று தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, செங்கல் மேல் ஏற்றி, எண்ணெய் விட்டு, சங்கிலியை ஒரு திருகு இறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். சாயரட்சை பூஜை என்று அதற்குக் கஸ்மீர் பெயர் வைத்திருந்தான்.

வண்டியை இறக்கினார்கள். ஏறினார்கள்.

கடக்!

இந்த முறை இடுப்பு வரை அதிர்ந்தது.

ஸ்பேனரை மணலில் வீசினான். யாரும் எடுத்துத் தரப்போவதில்லை. அவனே போய்ப் பொறுக்கி, சட்டையில் துடைத்துக்கொண்டான். குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்தான்.

திரும்பி வந்தபோது வண்டியின் மேல் ஒரு குடும்பமே இருந்தது.

இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். இருக்கைக்குப் பின்னால் நீண்டிருந்த பின்பலகையில், மடியில் தூக்குவாளியோடு, கனத்த உடம்புக்காரப் பெரியம்மா. போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வாய் திறந்து கத்தப் போனான்.

கண் சங்கிலிக்குப் போனது.

தொய்வே இல்லை. கம்பிபோல் விறைத்து நின்றது.

பெரியம்மா அவனைப் பார்த்துவிட்டு அவசரமாக ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"இறங்காதீங்க! யாரும் இறங்காதீங்க!"

"இன்னாடி இது, எறங்குன்னு கத்துவான்னு பார்த்தா எறங்காதன்றான்!"

அவன் மணலில் மண்டியிட்டுவிட்டான்.

பின் அச்சைத் தாங்குவது ஓர் இரும்புக் கை. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், அந்தக் கை மேலே எழும்பும். எழும்பும்போது அச்சு எஞ்சினைவிட்டு ஒரு நூல் பின்னால் போகும். அதற்குச் சங்கிலியில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி பற்சக்கரத்தின் பல்லில் ஏறி ஏறி விழும்.

அந்த இடத்தைத்தான் அவன் சாயங்காலந்தோறும் ஒரு திருகாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆளில்லாத வண்டியில். சக்கரம் தரையையே தொடாதபோது.

"அப்படியே அசையாம உக்காந்திருங்கம்மா."

"உக்கார்றேன். அப்பறமா ஒரு ரவுண்டு உடுவியா?"

"விடறேன்."

அச்சின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். ஒரு திருகு விட்டான். சங்கிலி இன்னும் விறைப்பாகவே இருந்தது. இன்னொரு திருகு. இன்னும் ஒன்று. விரல் வைத்து அழுத்தினான். இறங்கியது. போல்ட்டுகளைப் பூட்டினான்.

பெண்கள் இறங்கினார்கள். அவன் ஓட்டினான். நடுவில் கஸ்மீர். பின்பலகையில் பெரியம்மா, தூக்குவாளியைக் கட்டிப்பிடித்தபடி.

முகத்துவாரம் வரை போனான். திரும்பினான். மேட்டில் ஏற்றினான், பள்ளத்தில் இறக்கினான். எஞ்சின் கேட்டது. அலை கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

தூரத்தில் பேருந்துகளிலிருந்து கூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நீ முன்னாடி ஓட்டற. இந்தத் தம்பி நடுவுல," என்றாள் பெரியம்மா, பலகையைத் தட்டிக்கொண்டே. "இம்மாம் நீட்டுப் பலகை யாரு உக்கார்றதுக்குப்பா?"

கஸ்மீர் கடலைப் பார்த்தான்.

"அது உக்கார்றதுக்கு இல்லம்மா, படுக்க வைக்கறதுக்கு," என்றான் அவன்.

வண்டியை நிறுத்தினான். அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டான். பிறகு கஸ்மீரிடம் சொன்னான்.

"இனிமே சங்கிலியைக் காலி வண்டியில பார்க்கக் கூடாது. சக்கரம் தரையில இருக்கணும். மூணு பேர் வெயிட் ஏத்தணும். அப்பவும் ஒரு விரல் ஆடுச்சுன்னா சரி."