பதினான்காம் தேதிச் சீட்டு

மூன்று கோடையாக இலையை மட்டும் காட்டி என்னை ஏமாற்றிய அடுக்குச் செம்பருத்தி இன்று காலை பூத்துவிட்டது. ஒரே பூ. சாயங்காலம் வாடிவிடும். அதற்குள் எங்கள் பூக் குழுவில் படம் போட்டாக வேண்டும். குழுவை நடத்துவது என் நாத்தனார். சிலர் பழைய படங்களைப் போடுவதால், அன்றைய தேதி எழுதிய சீட்டைப் பூவோடு சேர்த்துப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

இன்றைய தேதி பதின்மூன்று என்று சீட்டில் எழுதிப் பிடித்து, படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, பதினாலுன்னு எழுதியிருக்கீங்க? பூ வேற வாடிக் கெடக்கு."

சீட்டைப் பார்த்தேன். பதின்மூன்றுதான். பூவும் விறைப்பாக விரிந்திருந்தது. படத்தில் மட்டும் பதினான்கு, தொங்கிய பூ. எண்ணைப் பெரிதாக எழுதி மறுபடி எடுத்தேன். மறுபடியும் அப்படியே. ஐந்தாவது படத்தை அனுப்பியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலு பேரிடம் காட்ட என்னிடம் இந்த ஒரு பூதான் இருந்தது.

"ஊருக்கெல்லாம் லைக் போடுற. எனக்கு மட்டும் எதுக்குடி இவ்வளவு கெடுபிடி?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அண்ணி, சீட்டைப் பிடிச்சிருக்கிறது என் கை. கட்டை விரல்ல என் பழைய தீக்காயம்கூட இருக்கு." குரல் இறங்கியது. "ரெண்டு வருஷமா நான் உங்க வீட்டுப் பக்கமே வரலையே. நாளைக்கு எதுக்கு அண்ணி நான் அங்க வரணும்?"