இன்னும் கொஞ்சம் ஏங்கட்டும்

“கதவைத் தொறக்காதே! இன்னும் கொஞ்சம் ஏங்கட்டும்.”

பாடகன் ஸ்டோர் ரூம் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றான். வெளியே ஓட்டல் ஹாலில் கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

“ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!”

“அண்ணா, நிஜமாவே நம்மளையா கூப்பிடறாங்க?” வெங்காய மூட்டை மேல் பேஸ் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த தங்கை கேட்டாள்.

“பின்னே, சப்ளையரையா?”

அவள் கணவன், குழுவின் டிரம்மர், காலி எண்ணெய் டின்னில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எது கையில் கிடைத்தாலும் தட்டுவதால் அவனுக்குப் பெயரே தகரம்.

மூன்றே பேர் கொண்ட ராக் குழு. சினிமாப் பாட்டைத் தொடுவதில்லை, சொந்தப் பாட்டு மட்டுமே என்று கொள்கை. கொள்கையைக் கேட்கத்தான் ஆள் வரவில்லை. ஒவ்வொரு மேடையிலும் பாடி முடித்ததும் பின்னால் ஒளிந்து நின்று காதைத் தீட்டிப் பார்த்தாயிற்று. ஒரு குழந்தைகூடத் திரும்பக் கூப்பிட்டதில்லை. நேற்றுத்தான் மூவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள்: இன்றைக்கும் கூட்டம் கூப்பிடாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது. தகரம் திங்கட்கிழமை முதல் தன் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிடுவது.

வெளியே சட்டென்று அமைதி; கனத்த கதவு வழியே ஏதோ முணுமுணுப்பு மட்டும்.

“போச்சு! கிளம்பிட்டாங்க!” தங்கை எழுந்துவிட்டாள்.

“மூச்சு வாங்கறாங்கடி. பொறு.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, முன்னைவிடப் பெரிதாக வெடித்தது ஆரவாரம். விசில், மேஜையைக் குத்தும் சத்தம், தட்டில் கரண்டி.

“கேட்டியா மாப்ள! கடைசிப் பாட்டு பதினாலு நிமிஷம் வேணாம், ஜனங்க அடிப்பாங்கன்னு சொன்னியே!”

“தப்புதான் மச்சான். கால்ல விழணுமா?”

“அப்புறம் விழலாம். மொதல்ல உன் மாமாவுக்குப் போனைப் போடு.”

தகரம் போட்டான். “மாமா? திங்கட்கிழமை நான் வரலை... என்னது, புது நாற்காலி வாங்கிட்டீங்களா? அதுல நீங்களே உக்காருங்க. உங்க டைல்ஸையும் நீங்களே ஒட்டிக்குங்க. நான் கலைஞன்!”

“அடப்பாவி, கொஞ்சம் மரியாதையா சொல்லக்கூடாதா?” தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க முடியாது!”

“எதுக்குப் படுக்கணும்? நமக்குத்தான் கூட்டம் கிடைச்சாச்சே!”

மறுபடி அமைதி, அதே முணுமுணுப்பு. மறுபடி இடி. இந்த முறை சமையற்கட்டிலிருந்தும் விசில்.

“ஒன்ஸ் மோர்!”

“இப்ப வாங்கடா!” பாடகன் கதவை உதைத்துத் திறந்தான்.

மூவரும் கைகளை உயர்த்திக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள்.

ஹாலில் ஆரவாரம் அறுந்தது. வாய்க்குப் போன கரண்டிகள் பாதி வழியில் நின்றன. மைக் முன்னால் நின்றிருந்த ஓட்டல் மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஏன் தம்பி வந்தீங்க?” என்றார் பரிதாபமாக. “ ‘இவங்க பாடி முடிச்சாச்சு, இனிமே வர மாட்டாங்க’ன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சு அப்படி ரசிச்சிட்டிருந்தாங்க!”