முதல் பெயர்

ஹெட்போனைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

இது ஐந்தாவது முறை. முதல் பெயர் வரும் இடத்திலேயே குரல் நின்றுவிடுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினா. தாளத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். இருபது வருடமாக அவன் பாடியதையெல்லாம் பதிவு செய்தவள். எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் அவளுடைய கார் ஷெட்தான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய கம்பளிகள். மத்தியான வெயிலில் உள்ளே வெந்துகொண்டிருந்தது. மின்விசிறி போட வழியில்லை. மைக் அதையும் கேட்கும்.

ஸ்டூலின் மேல் அவனுடைய போன். சத்தத்தை அணைத்து வைத்திருந்தான். பாடுகிறவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இவன் கண் அந்தத் திரையை விட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் ஒக்தாவியோ. கூடவே அக்கா. நேற்று மாலை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதன் பிறகு இவன் அந்தக் கட்டில் பக்கத்தை விட்டு அசையாமல்தான் உட்கார்ந்திருந்தான். காலையில் அண்ணன்தான் விரட்டினான்.

"போய் ரெக்கார்டிங்கை முடிச்சுட்டு வாடா. உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

மூச்சு வாங்கும்போதும் அந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம் என்று பாடுகிற சிக்கானோ ராப் பாடகன் இவன்; மெக்சிகோவிலிருந்து வந்து அமெரிக்காவில் வேர்விட்ட குடும்பம். இவனுடைய ஆல்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில், உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லி வணக்கம். கடைசிப் பாட்டின் முடிவில், போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள். புது ஆல்பம் வந்தால் அந்த வட்டாரத்து ஜனங்கள் பாட்டையா முதலில் கேட்கிறார்கள்? தங்கள் பெயர் தொடக்கத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இதுவரை வந்த ஆறு ஆல்பத்திலும் முதல் பெயர் ஒக்தாவியோ. இன்று பதிவாவது ஏழாவதின் தொடக்கம்.

முதல் கேசட்டைத் தன் கார் டிக்கியில் அடுக்கித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றவன் அவன்தான். வேறு யார் பெயராவது முந்தியிருந்தால் வீட்டில் சோறு இறங்கியிருக்காது.

மூன்றாவது ஆல்பத்தில் ஒரு தவறு நடந்தது. தொடக்கத்தில் சூயி என்ற நண்பனின் பெயரைச் சொல்லியிருந்தான். ஆல்பம் கடைக்கு வர நான்கு நாள் இருக்கும்போது நெடுஞ்சாலையில் சூயியின் கார் கவிழ்ந்தது. செத்துப்போனவனுக்கு வணக்கம் சொன்ன பாட்டு ஊரெல்லாம் ஓடியது. கூனிக் குறுகி, சூயியின் அம்மாவிடம் போய் நின்றான். அடுத்த முறை அச்சாகும்போது பெயரைக் கடைசிக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னான்.

"மாத்தாதப்பா," என்றாள் அந்த அம்மா. "இதுல அவன் இன்னும் இருக்கான்."

மாற்றவில்லை.

ஆறாவது முறை. அதே இடம். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான்.

வெளியே ஐஸ் வண்டியின் மணி. அது தெருமுனை தாண்டும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாமா? ஓடலாம். இந்த ஒரு பெயரைச் சொல்லாமல் போய் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏழாவது முறை.

ஒன்று. இரண்டு.

போன் திரையில் வெளிச்சம். அக்காவின் பெயர்.

டெல்ஃபினாவும் பார்த்துவிட்டாள். நிறுத்துவதற்கு அவள் கை பொத்தானுக்குப் போனது.

வேண்டாம் என்று தலையசைத்தான்.

போனைக் குப்புறக் கவிழ்த்தான்.

மூன்று. நான்கு.

"ஒக்தாவியோ!"

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. தெருவில் நின்றுகொண்டு, வீட்டுக்குள் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல்.

பிறகு வரிசையாக மற்ற பெயர்கள். பதினாறு பேர். ஒருவரையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை.

தாளம் நின்றது. பதிவாகிவிட்டது என்று டெல்ஃபினா தலையாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் போனைத் திருப்பினான்.

அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.