இன்னொரு சுற்று

ஆறு மணி நேரமாக வசுமதிக்குச் சித்தி படகில் காயலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். மீன் பிடிக்கும் சீனவலை, தண்ணீரோரத் தேவாலயம், கயிறு திரிக்கும் ஊர், நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்கள் எல்லாம் ஆயிற்று. வாத்துக் கூட்டத்தை மட்டும் மூன்று முறை பார்த்தார்கள்.

இன்று தங்கை இளவேனியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வசுமதிக்குத் தெரியும். வசுமதியின் உதட்டோரத்திலும் விரல்களிலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. அது தொற்றாது என்று வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறாள். இருந்தும் காலையில் அம்மா கூடத்துச் சுவரிலிருந்த குடும்பப் படத்தைக் கழற்றினாள். அடுத்த பஸ்ஸிலேயே சித்தி இவளை இங்கே அழைத்து வந்துவிட்டாள்.

“போதும் சித்தி, போலாம். அவங்க கிளம்புறதுக்குள்ள ஒரு தடவை மாப்பிள்ளையைப் பார்த்துடறேன்.”

“அவசரப்படாத கண்ணு. அண்ணே, இன்னொரு சுத்து போங்க.”

“வாத்துக்கே நம்மளப் பாத்து சலிச்சிருக்கும்மா” என்றார் படகுக்காரர்.

சித்தியின் போன் ஒலித்தது. கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

“பிடிச்சிருக்காம்டி! அடுத்த மாசமே நிச்சயதார்த்தம்!”

வசுமதி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். திட்டு விழுந்த கையால் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிச்சயத்துக்கு நான் எந்தப் புடவை கட்டட்டும் சித்தி? அந்தப் பச்சை நல்லாருக்கும்ல?”

சித்தி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வீட்டுல ஒரே பொண்ணுன்னு சொல்லியிருக்கு, கண்ணு.”