கீழே வைக்கக் கூடாத வடம்

மலைச்சனத்தில் ஒருத்தி "இழு" என்று குரல் கொடுக்காமல் அந்த ஊர்த் தேர் நகர்ந்ததில்லை. அம்மன் மலையிலிருந்து இறங்கி வந்தவள். தன் சனம் சொன்னால்தான் அசைவாள். தூக்கிய வடத்தை, தேர் நிலை சேரும்வரை மண்ணில் வைக்கவும் கூடாது.

குரல் கொடுக்க வந்த நஞ்சி, வடத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற ஊர்க்காரர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்களில் ஓட்டு மை இன்னும் அழியவில்லை. மலைச்சனத்தை மண்ணின் முதற்குடி என்று அரசியல் சாசனத்தில் எழுதலாமா, அவர்களுக்கான சட்டங்களில் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று போன வாரம் நாடு முழுக்க வாக்கெடுப்பு. இந்த ஊர் மொத்தமும் "வேண்டாம்" என்றுதான் குத்தியிருந்தது.

"நேரமாகுது அம்மிணி, குரல் குடு," என்றார் தர்மகர்த்தா பொன்னுசாமி. போன வருஷம்வரை அவருக்கு அவள் வெறும் "ஏ நஞ்சி".

"எங்கள ஒண்ணும் கேக்க வேண்டாம்னு தானுங்களே ஓட்டுப் போட்டீங்க?"

"அது அரசாங்க விசயம். இது சாமி காரியம்."

"சாமி காரியத்த நா ஒருத்தி முடிவு பண்ணலாமுங்களா? தேரு நகரட்டுமா வேண்டாமான்னு எங்க சனத்துகிட்டயும் ஓட்டு எடுத்துட்டு வந்தர்றனுங்க."

"எப்ப வருவே?"

"மலையெல்லாம் சுத்தோணுமுங்க. வடத்தக் கீழ வச்சராதீங்க, சாமி குத்தமாயிரும்."

அவள் மலையேறினாள். முதல் வளைவிலேயே நிழல் பார்த்து உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பு கிள்ளினாள். கீழே வெயிலில் வடம் மெல்ல நடுங்கத் தொடங்கியிருந்தது.